பாம்புக்காதுக்காரி வாங்கிய கைக்கோடாலி

கைக்கோடாலி வாங்கத் தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டைவிரலால் கூர்முனையைத் தடவிப் பார்ப்பார்கள், காற்றில் இரண்டு வீசு வீசிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். மின்கம்பிக்குக் கீழே புதர் வெட்டுகிற கூட்டத்தில் அப்படி வாங்கிக்கொண்டு வருகிறவனை வண்டியிலேயே ஏற்ற மாட்டார்கள். அங்கே கோடாலியைக் காதால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதில் கெட்டிக்காரி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். எல்லோரும் அவளைப் பாம்புக்காது என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது அவள் கொண்டுவந்த குழம்பைப் பற்றி முணுமுணுத்தால், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், "உப்பு அதிகமாத்தான் போச்சு, பேசாம சாப்பிடு" என்பாள். அதனால் அவள் இருக்கும் இடத்தில் ஒருவரும் புறம் பேசுவதில்லை. அப்படி ஒரு வசதி அவளால் அந்தக் கூட்டத்துக்கு.

வேலை என்னவென்றால், காட்டுக்குள் போகிற பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே வளர்கிற புதரையும் சின்ன மரங்களையும் வெட்டித் தள்ளுவது. கிளை உயர்ந்து கம்பியைத் தொட்டால் நாலு ஊர் இருண்டுபோகும். பெரிய மரத்துக்கு மெஷின் ரம்பம் தனியாக வரும். இவர்களுக்கு இடுப்பு வாரில் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்தும் தவழ்ந்தும் உள்ளே நுழைகிற மாதிரி கைக்கோடாலி. சின்ன மரம் என்றால் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. தொடை கனம் இருக்கிற மரம் ஆளைக் கொல்லப் போதும்.

புதர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பக்கத்தில் நிற்பவன் தெரிய மாட்டான். மேலே கம்பி ஓயாமல் முனகிக்கொண்டிருப்பதால் கத்தினாலும் வார்த்தை பாதியில் கரைந்துவிடும். அதனால் தட்டுவார்கள். கோடாலியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் மரத்தில் இரண்டு தட்டு தட்டினால், 'மரம் சாயப்போகுது, எங்க இருக்க?' என்று அர்த்தம். ஜோடி ஆள் விலகி நின்றுகொண்டு ஒரு தட்டு தட்டினால், 'விலகிட்டேன், வெட்டு.' அந்த ஒரு தட்டு வரும்வரை கடைசி வெட்டைப் போடக் கூடாது. மேஸ்திரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை கொட்டினாலும், இதில் மட்டும் விளையாட்டு கிடையாது.

ஒவ்வொரு கோடாலிக்கும் ஒரு குரல் உண்டு. இரும்பின் கனம், பிடியின் மரம், இரண்டும் பூட்டிக்கொண்டிருக்கிற இறுக்கம் எல்லாம் சேர்ந்தது அது. பிடியை மாற்றினால் குரலும் மாறிவிடும். அதனால் யார் புதுக் கோடாலி வாங்கினாலும், காலையில் புதருக்குள் இறங்குவதற்கு முன்னால் எல்லோர் முன்னாலும் நின்று ஒரு தட்டு தட்டிக் காட்ட வேண்டும். அதற்குக் குரல் காட்டுவது என்று பேர். வேறொருவர் கோடாலியின் குரலோடு ஒத்துப்போனால், எவ்வளவு நல்ல கோடாலியாக இருந்தாலும் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

பாம்புக்காதுக்கு ஜோடி அவளுடைய தம்பி. அவள் வீட்டுக்காரரும் அதே கூட்டத்தில்தான், ஆனால் வேறொருவரோடு ஜோடி. புருஷன் பெண்டாட்டியை ஜோடி போட்டால் வேலை நடக்காது, சண்டைதான் நடக்கும் என்பது மேஸ்திரியின் கட்சி. தம்பியின் கோடாலி கொஞ்சம் கனமானது. 'டொக்' என்று அடிவயிற்றிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். எத்தனை கோடாலிகள் ஒன்றாகத் தட்டினாலும் அக்காவுக்கு அது தனியாகக் கேட்கும்.

போன வருஷம் ஒரு நாள் வண்டி வழியில் படுத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் விரட்டு விரட்டென்று விரட்டிப் புதருக்குள் இறக்கினார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் ஒரு மரத்தை முக்கால்வாசி வெட்டி நிறுத்திவிட்டு இரண்டு தட்டு தட்டினாள். காத்திருந்தாள். டொக் என்று ஒரு தட்டு வந்தது. தம்பி நின்ற திசையிலிருந்து, தம்பியின் குரலில். அவள் கடைசி வெட்டைப் போட்டாள். மரம் அவன்மேல் விழுந்தது.

மரத்தைப் புரட்டிப் பார்த்தபோது, அவன் இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு போன கிளைகள் இருந்தன. கோடாலி இடுப்பு வாரிலேயே, பட்டன் போட்டபடி, பிடி முறிந்து கிடந்தது. அவன் தட்டவில்லை. தட்டியிருக்கவே முடியாது. அன்று சாயங்காலம் மேஸ்திரி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகத் தட்டச் சொன்னார். ஒரு குரல்கூட தம்பியின் குரல் மாதிரி இல்லை. நீ தட்டினாயா, நீ தட்டினாயா என்று கேட்டதற்கு எல்லோரும் இல்லையென்று தலையைத்தான் ஆட்டினார்கள்.

அப்படியானால் பதில் சொன்னது யார்? யாரும் இல்லை. அவள் அவசரத்தில், கேட்காததைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு வெட்டிவிட்டாள். இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பாம்புக்காதுக்குப் பக்கத்தில் நின்று யார் சொல்வார்கள்? ஆனால் சொல்லாததும் அவளுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் கோடாலியைத் தொடவில்லை. கூட்டத்துக்குச் சமைத்துப் போடுகிற வேலைக்கு மாறிக்கொண்டாள். அந்த டொக் மட்டும் அவளை விடவில்லை. அடுப்பில் விறகு வெடித்தால் அது. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினால் அது. ஒரு தடவை காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியை ஓங்கிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்கட்டில் யாரோ ஒரு தட்டு தட்டின மாதிரி இருந்தது. 'விலகிட்டேன் அக்கா, வெட்டு' என்றது. பின்கட்டில் ஒரு வாளியும் ஒரு கொடிக்கயிறும் தவிர ஒன்றும் இல்லை. அன்று குழம்பில் காய் இல்லை.

வீட்டுக்காரர் பொறுமைசாலியாகிவிட்டார். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலும்தான். மச்சானும் அவரும் சேர்ந்தால் வண்டியே குலுங்கும். இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார். "நீ கேட்டது நிஜம்தான். உன் காது பொய் சொல்லாது" என்பார். அவ்வளவு உறுதியாகச் சொல்வார். தன்மேல் தனக்கே இல்லாத நம்பிக்கை இந்த மனுஷனுக்கு இருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வரும்.

இந்த வருஷம் வேலை தொடங்கியபோது தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

"அண்ணி, எனக்கு ஜோடி நீங்கதான். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நான் வெட்டுறதை விட்டாச்சு. வேற யாரையாவது பாரு."

"வேற யாரும் வேணாம். உங்க கூடத்தான்."

"அடியே, என் காதை நம்பியா உள்ள இறங்கப்போற?"

அந்தப் பெண் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது நம்பிக்கையா, இல்லை வேறு ஏதாவதா என்று பாம்புக்காதுக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை இல்லாத தட்டைக் கேட்டவளுக்கு இன்னொரு தடவை கேட்காது என்று என்ன நிச்சயம்? முடியாது என்று சொன்னால் மேஸ்திரி இவளை எவனோ ஒரு கத்துக்குட்டியோடு கோத்துவிடுவார். சரி என்றால் தம்பியைத் தின்றது போதாதென்று அவன் பெண்டாட்டியையும் தின்றுவிடுவோமோ என்ற பயம். ராத்திரியெல்லாம் மென்று முழுங்கிவிட்டு, காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து ஒடித்தாள். அளந்துவிட்டால் அப்புறம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரும்புக் கடைக்காரருக்கு அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்க வாங்க! எவ்வளவு காலமாச்சு உங்க கச்சேரி கேட்டு!"

கடை வாசலில் ஒரு மரக்கட்டை கிடக்கும். அவள் வந்தால் கடையில் இருக்கிற கோடாலிகளையெல்லாம் அதில் தட்டிப் பார்க்காமல் போக மாட்டாள். அதைத்தான் அவர் கச்சேரி என்பார்.

முதலில் தம்பி பெண்டாட்டிக்கு. வண்ணம் பூசின பிடிகளை எடுத்த எடுப்பில் ஒதுக்கினாள்.

"ஏன், பளபளன்னு இருக்கே?" என்றார் கடைக்காரர்.

"பூசினதுக்கு அடியில என்ன முடிச்சு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் கையில முறியும்போதுதான் தெரியும்."

வெறும் மரப் பிடிகளாகப் பார்த்து, மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடுகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தாள். குறுக்கே ஓடினால் வேண்டாம். ஒடித்து வந்த குச்சியை வைத்து நீளம் பார்த்தாள். நீளம் அதிகமானால் புதருக்குள் ஓங்க இடம் கிடைக்காது, கொடியில் மாட்டிக்கொள்ளும். குறைந்தால் வெட்டு இறங்காது, கைதான் வலிக்கும். தலை கனமாக இருந்தால் முதல் மரம் சுலபமாக விழும், மத்தியானத்துக்கு மேல் தோள் கழன்றுவிடும். வெட்டுவாய் மெலிந்திருந்தால் புதருக்கு நல்லது, மரத்தில் சிக்கிக்கொள்ளும். தடித்திருந்தால் மரத்தைப் பிளக்கும், இளங்கிளையில் வழுக்கும். இதற்கெல்லாம் நடுவில் ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்து, பின்பக்கத்தைக் கட்டையில் தட்டினாள். 'டிண்' என்று மெலிசாக ஒரு குரல். கூட்டத்தில் யாருக்கும் இல்லாதது. சரி, இது அவளுக்கு.

தனக்கென்று தேடத் தொடங்கியபோதுதான் தடுமாற்றம். அவளுடைய பழைய கோடாலியின் பிடியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஒன்று எடுத்தாள், தட்டினாள், வைத்தாள். இன்னொன்று. எதைத் தட்டினாலும் தட்டின பிறகு ஓரத்தில் இன்னொரு சத்தம் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. மூலையில் கிடந்த பழைய சாமான் குவியலிலிருந்து, ஏதோ நினைப்பில் ஒன்றை உருவிக் கட்டையில் தட்டினாள்.

டொக்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தம்பி நிற்கிறான் என்றே நினைத்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். டொக். கையில் இருந்த கோடாலியைப் பார்த்தாள். தம்பியுடையது அல்ல, அது முறிந்து, துண்டு துண்டாகி, எப்போதோ போய்விட்டது. இது வேறு. புதுசு மாதிரி இருக்கிறது. வெட்டுவாயில் ஒரு சின்னப் பச்சைக் கறை காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"இது எங்கேருந்து வந்தது?"

"அட, அதுவா? உங்க வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தது. போன வருஷம் வாங்கிட்டுப் போனார். நல்ல சரக்கு. பாவம், உங்க தம்பிக்கு அப்படி ஆச்சே, அந்தக் காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு வந்து கொடுத்துட்டார். ஒரே நாள்தான் எடுத்துட்டுப் போனேன், பிடி ஒத்து வரலைன்னார். பணம்கூட வேணாம்னுட்டார். நான்தான் அடுத்த தடவை கழிச்சுக்கலாம்னேன்."

கடைக்காரர் இன்னும் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரே நாள். வண்டி படுத்த நாள். நேரமாகிவிட்டதென்று அன்று காலையில் யாரும் குரல் காட்டவில்லை. சாயங்காலம் மேஸ்திரி வரிசையாக நிறுத்தியபோது வீட்டுக்காரர் கையில் இருந்தது, வண்டியிலேயே கிடந்த பழைய கோடாலி.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கேட்டிருக்கிறது, என் காதுக்குக் கேட்டிருக்கிறது, நான் பைத்தியம் இல்லை என்று உடம்பெல்லாம் குளிர்ந்துபோன மாதிரி ஒரு சந்தோஷம். தம்பி செத்ததில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆத்திரம் அதற்கும் அப்புறம்தான் வந்தது. வந்தது போகவில்லை.

வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து இடுப்பு வாரின் பிரிந்த தையலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் கோடாலியை அவர் காலடியில் வைத்தாள். ஊசி நின்றது.

"இதை எதுக்கு வாங்கிட்டு வந்த?"

"நீங்க எதுக்குத் திருப்பிக் கொடுத்தீங்க?"

அவர் வாரை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இத்தனை நாளில் நூறு சாக்கு யோசித்து வைத்திருந்திருப்பார். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"ஒரு தட்டுதான். உன் தம்பி நின்ன பக்கம்தான் நானும் நின்னேன். காலைல குரல் காட்ட நேரமில்லாமப் போச்சு. புதுசு இல்லையா, கை அரிச்சுது. எப்படிப் பேசுதுன்னு பாக்க ஒரே ஒரு தட்டு. நீ ரெண்டு தட்டினது எனக்குக் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல."

"அது அவன் குரல்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"தட்டின உடனே." அவர் ஊசியை வாரில் குத்தினார். "சிரிச்சேன். அட, மச்சான் கோடாலி மாதிரியே பேசுதே, இதை வச்சு அவனை ஒரு நாள் ஏமாத்தணும்னு நினைச்சுச் சிரிச்சேன். அப்பதான் மரம் விழுந்த சத்தம் கேட்டுச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அது கதவைச் சாத்துகிற சத்தமாக மட்டும் இருந்தது.

"ஒரு வருஷம். என் தம்பியை நானே கொன்னுட்டேன்னு ஒரு வருஷம்."

"நீ கேட்டது நிஜம்னு தினமும் சொன்னேனே."

"தட்டினது யாருன்னு சொன்னீங்களா?"

அவள் கோடாலியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல நீங்க இதை எடுத்துட்டு வரணும். எல்லார் முன்னாலயும் நின்னு குரல் காட்டணும். அன்னிக்குக் காட்டாததை."

"என்னை என்ன வேணாலும் செய். அந்தப் பொண்ணு முன்னால மட்டும் நிறுத்தாத."

"நான் ஒரு வருஷமா அவ முன்னாலதான் நிக்கிறேன்" என்றாள் அவள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புதரின் விளிம்பில் எல்லோரும் இறங்கி வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் புதுசு என்று மேஸ்திரி கேட்டார். தம்பி பெண்டாட்டி முன்னால் வந்து, சொல்லிக் கொடுத்தபடி ஒரு தட்டு தட்டினாள். டிண். கைமணி மாதிரி இருக்கு என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"எனக்கும் இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சாக்கைப் பிரித்துக் கோடாலியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். கையைத் தூக்கினார், இறக்கினார். மேஸ்திரி, "என்னப்பா, பூஜை போட்டுட்டுத்தான் தட்டுவியா?" என்றார். அப்புறம் தட்டினார்.

டொக்.

எல்லோரும் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டி மட்டும் மரத்தடியைப் பார்க்கவில்லை. சட்டென்று புதர்ப் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்துவிட்டது. அங்கே யாரோ இப்போது வெளியே வரப்போகிற மாதிரி இரண்டடி எடுத்து வைத்தாள். அப்புறம்தான் நின்றாள். மெல்லத் திரும்பி, மரத்தடியில் நிற்கிறவரையும் அவர் கையில் இருப்பதையும் பார்த்தாள்.

"அன்னிக்கு இதைத்தான் தட்டினேன்" என்றார் அவர். "புதுசு. யாருக்கும் காட்டல. உன் அண்ணி கேட்டது இதைத்தான். நான் பொய் சொல்லிட்டேன்."

மேஸ்திரி கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். எவரோ ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். பாம்புக்காது தம்பி பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள், புழுதியை அள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அண்ணி, உங்க காது எப்படின்னு பாக்கணும்னுதான் நான் ஜோடி கேட்டேன்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே. "உள்ள போய், ரெண்டு தட்டுக்குப் பதிலே சொல்லாம நின்னு பாக்கணும்னு. நீங்க வெட்டுறீங்களா இல்லையான்னு."

மரம் மேலே விழுந்தாலும் விழட்டும் என்று இந்தப் பெண் வந்திருக்கிறாள் என்பது பாம்புக்காதுக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி பெண்டாட்டி மரத்தடிக்குப் போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொரு தடவை தட்டுங்க அண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் குரல் இப்படித்தான் இருக்கும். எனக்கு மறந்துட்டே வருது. தட்டுங்க."

அவரால் முடியவில்லை. கை கோடாலியோடு தொங்கிக்கொண்டிருந்தது. பாம்புக்காது போய் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம், பச்சை மரத்தின் முன்னால் கோடாலியைத் திருப்பிப் பிடித்துத் தட்டினாள். தம்பி பெண்டாட்டி மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இவள் மறுபடி தட்டினாள். மறுபடியும். வேலைக்கு நேரமாகிறதென்று மேஸ்திரி உட்பட ஒருவரும் சொல்லவில்லை. போதும் என்று அவள் சொல்லட்டும், நிறுத்திக்கொள்ளலாம் என்று பாம்புக்காது தட்டிக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவள் சொல்லவே இல்லை.